குடும்ப வண்டி வாங்கும்போது ‘உள்நாடா, வெளிநாடா’ என்ற கேள்வியில் நேரும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோவிலும் மெர்பேங்கிலும் யாராவது வண்டி வாங்கப் போவதாகச் சொன்னால், “நம்ம ஊரில் செய்ததையே வாங்குங்கள், அண்ணே” என்ற அறிவுரை வராமல் இருக்காது. புராஸ்பெக்டனில் இருக்கும் டொயோட்டா ஆலை அந்த வீடுகளிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த அப்பாக்களும் மாமாக்களும் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாசத்தை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, எது உள்ளூர் வண்டி என்பதிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் தவறு, முன்பக்கத்துச் சின்னத்தைப் பார்த்து ஊரை முடிவு செய்வது. புராஸ்பெக்டனில் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் ஆகியவற்றோடு 2021 முதல் கொரோலா கிராஸும் தயாராகிறது. அதே டொயோட்டா விற்பனையகத்தில் பக்கத்தில் நிற்கும் ஸ்டார்லெட்டும் ஏழு இருக்கை ரூமியனும் இந்தியாவில் சுசுகி ஆலைகளில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தவை. ஃபோர்டு ரேஞ்சர் பிரிட்டோரியாவின் சில்வர்ட்டனில் பிறக்கிறது. அதன் உடன்பிறப்பான எவரெஸ்ட் தாய்லாந்திலிருந்து வருகிறது. ஜெர்மன் வண்டி என்று நாம் மரியாதையோடு பார்க்கும் ஃபோக்ஸ்வேகன் போலோவோ இந்நாட்டின் கரியேகாவில் தயாராகி ஐரோப்பாவுக்கே ஏற்றுமதியாகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஹூண்டாய் கிராண்ட் ஐ10, ரெனோ டிரைபர், நிசான் மேக்னைட் ஆகியவை சென்னையை ஒட்டிய ஆலைகளில் செய்யப்படுபவை. 1860இல் மதராஸிலிருந்து டர்பனுக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அதே கரையிலிருந்து வந்து இறங்கும் வண்டியை ‘வெளிநாட்டு வண்டி’ என்று ஒதுக்குவதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

சந்தேகம் இருந்தால் விற்பனையாளரைக் கேட்க வேண்டியதில்லை. கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டிலும், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியானால் முன்கண்ணாடியில் ஒட்டிய லைசன்ஸ் டிஸ்க் என்ற உரிமச் சீட்டிலும் 17 இடங்கள் கொண்ட அடையாள எண் இருக்கும். அதன் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் ‘ஏ-ஏ’ முதல் ‘ஏ-எச்’ வரை இருந்தால் தென்னாப்பிரிக்கத் தயாரிப்பு. ‘எம்-ஏ’ முதல் ‘எம்-இ’ வரை என்றால் இந்தியா. முதல் எழுத்து ‘எல்’ என்றால் சீனா, ‘ஜே’ என்றால் ஜப்பான்.

இரண்டாவது தவறு, உள்ளூரில் செய்தது என்றால் வண்டியும் உதிரிபாகமும் உடனே கிடைக்கும், இறக்குமதி என்றால் காத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் புராஸ்பெக்டன் ஆலை சேற்றில் மூழ்கி மாதக்கணக்கில் உற்பத்தி நின்றபோது, காத்திருந்தவர்கள் உள்ளூர் வண்டிக்கு முன்பதிவு செய்தவர்கள்தான். அடுத்த ஆண்டு இறுதியில் டர்பன் துறைமுகத்தில் கப்பல்கள் வரிசையில் நின்றபோது அடிபட்டது இறக்குமதிப் பக்கம். அதைவிட முக்கியமானது, உள்ளூரில் பூட்டப்படும் வண்டியிலும் பல பாகங்கள் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. எங்கள் வீட்டு வண்டி இந்நாட்டில் செய்யப்பட்டதுதான். பின்னால் ஒருவர் இடித்ததில் உடைந்த விளக்குக்கு ஏழு வாரம் காத்திருந்தோம், மாதத் தவணை மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் போய்க்கொண்டிருந்தது. ஆகவே தயாரான ஊரைக் கேட்பதற்குப் பதிலாக, முன் பம்பர், முகப்பு விளக்கு, முன்கண்ணாடி, பிரேக் பேட் ஆகிய நான்கின் விலையையும் அவை கையிருப்பில் உள்ளனவா என்பதையும் உதிரிபாகக் கவுண்ட்டரில் நேரில் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. தெருவில் நிறைய ஓடும் மாடலுக்கு, அது எந்த நாட்டுச் சரக்காக இருந்தாலும், வெளிக் கடைகளிலும் பாகம் கிடைக்கும்.

இறக்குமதி என்றாலே வரியால் விலை ஏறும் என்பதும் பாதி உண்மைதான். பயணிகள் வண்டிக்குப் பொதுவான இறக்குமதி வரி 25 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வருவதற்கு அதைவிடக் குறைவு. ஆனால் இங்கே ஆலை நடத்தும் நிறுவனங்கள் தங்கள் உற்பத்திக்கு ஈடாக வரிச்சலுகை பெற்று, அதைக் கொண்டு வேறு மாடல்களை இறக்குமதி செய்கின்றன. சந்தையின் மிகக் குறைந்த விலை வண்டிகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வருபவையே.

பாதுகாப்பு விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு எனக்குக் கவலை தருவது. உள்ளூர் வண்டி கனமானது, இந்திய வண்டி தகரடப்பா என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். குளோபல் என்கேப் அமைப்பு இங்குள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷனோடு சேர்ந்து 2017இல் ஆப்பிரிக்கச் சந்தை வண்டிகளை மோதிச் சோதித்தபோது, பெரியவர்களின் பாதுகாப்பில் இந்தியாவில் செய்யப்பட்ட டொயோட்டா எட்டியோஸ் நான்கு நட்சத்திரமும், கரியேகாவில் செய்யப்பட்ட போலோ விவோ மூன்று நட்சத்திரமும் பெற்றன. அடுத்த ஆண்டு, பிரிட்டோரியாவை ஒட்டிய ரோஸ்லினில் செய்யப்பட்ட நிசான் என்பி300 ஹார்ட்பாடி பக்கி (பிக்கப் வண்டி) ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. இந்த முடிவுகளை வைத்து இந்திய வண்டிதான் உசத்தி என்று திருப்பிப்போடுவதும் தவறே. அதே சோதனைகளில் மோசமாகத் தேறிய இறக்குமதிகளும் இருந்தன. பார்க்க வேண்டியது அந்தக் குறிப்பிட்ட மாடல், அந்த ஆண்டு, இந்தச் சந்தைக்கு வந்த வடிவம் ஆகிய மூன்றையும்தான். ஒரே பெயருள்ள வண்டி வேறொரு நாட்டில் ஆறு காற்றுப்பைகளோடும் இங்கே இரண்டோடும் விற்கப்படலாம் என்பதால், அந்நாட்டுச் சோதனையின் நட்சத்திரங்களை இங்கே எடுத்துக்கொண்டு வரக்கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை 2015 முதல் சட்டப்படி கட்டாயம். அதைப் பொருத்தும் கொக்கிகள் எத்தனை இருக்கைகளில் உள்ளன என்பதையும் பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பை மூன்றாம் வரிசை வரை நீள்கிறதா என்பதையும் கையால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது, கடற்கரையில் ஓட்டிப் பார்த்து மலைக்கு வாங்குவது. டர்பனில் வெள்ளோட்டம் விடும்போது எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சின், கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் தன் வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கும். என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் சுமார் 1,680 மீட்டர் உயரம். ஜோகன்னஸ்பர்க் அதற்கும் சற்று மேலே. ரூமியனிலும் சுசுகி எர்ட்டிகாவிலும் உள்ள 1.5 லிட்டர் எஞ்சின் 77 கிலோவாட் தரும் என்று தாளில் இருந்தால், கணவாயின் உச்சியில் கையில் இருப்பது 64 அல்லது 65தான். ஏழு பேரும் மூட்டைகளும் ஏறியிருக்க, முன்னால் சரக்கு லாரி ஊர்ந்துகொண்டிருந்தால் அந்த இழப்பு தெளிவாகத் தெரியும். வண்டி சாட்ஸ்வொர்த்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும் இடையே மட்டும் ஓடப்போகிறது என்றால் இது ஒரு குறையே இல்லை. ஆண்டுக்கு நான்கு முறை ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கவுடெங் மாகாணத்திலுள்ள மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் மட்டும் டர்போ எஞ்சினையோ பெரிய எஞ்சினையோ யோசிக்க வேண்டும்.

ஏழு இருக்கை என்ற சொல்லையும் அப்படியே நம்பக்கூடாது. டிரைபரில் ஏழு இருக்கைகளையும் நிமிர்த்தினால் பின்னால் மிஞ்சும் இடம் 84 லிட்டர். குட் ஃப்ரைடே அன்று இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போகும் குடும்பத்தின் பால்குடமும் பூக்கூடையும் தேங்காய்ப் பையும் அதற்குள் அடங்காது. யாராவது ஒருவர் மடியில் வைத்துக்கொண்டுதான் வர வேண்டும். விற்பனையகத்துக்குப் போகும்போது ஆயாவையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டாம் வரிசையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள், வளர்ந்த பையனை மூன்றாம் வரிசையில் பத்து நிமிடம் உட்கார வையுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்கிறேன். தவணைக் கடைசியில் கட்டும் பலூன் தொகையைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடுவது உள்நாடு, வெளிநாடு இரண்டுக்கும் பொதுவான தவறு. 3,50,000 ராண்ட் வண்டிக்கு 30 சதவீத பலூன் என்றால் ஆறு ஆண்டு கட்டிய பிறகும் 1,05,000 ராண்ட் நிற்கும். அன்று வண்டியின் மறுவிற்பனை மதிப்பு அதற்குக் கீழே போயிருந்தால் கைப்பணம்தான் இறங்க வேண்டும். சந்தைக்குப் புதிதாக வந்த மாடலுக்கு இந்த ஆபத்து கூடுதல். மறுபுறம், நன்றாக விற்கும் உள்ளூர் மாடல்களைத் திருடர்களும் விரும்புவதால் காப்பீட்டுக்காரர் கண்காணிப்புக் கருவி கேட்பார், பிரீமியமும் கூடும்; ஆகவே விலை பேசுவதற்கு முன்பே இரண்டு வண்டிக்கும் காப்பீட்டு மதிப்பீடு வாங்கிவிட வேண்டும். உத்தரவாதக் காலத்தில் வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தால் உத்தரவாதம் போய்விடும் என்ற பயமும் பழசு. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 2021 ஜூலை 1 முதல் உரிமையாளருக்கு அந்தத் தேர்வைத் தந்திருக்கின்றன.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பைத் தருவது, ஜப்பானில் ஓடிய பழைய வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று மயங்குவது. டர்பன் துறைமுகத்தில் அத்தகைய வண்டிகள் இறங்குவதைப் பார்த்தவர்கள் இது சட்டப்படியான வியாபாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவை அண்டை நாடுகளுக்குப் போக வேண்டியவை. தென்னாப்பிரிக்காவுக்குள் பழைய வண்டியை இறக்குமதி செய்ய வர்த்தக நிர்வாக ஆணையத்தின் அனுமதி வேண்டும், அதுவும் குடியேறி வருவோர், நாடு திரும்புவோர் போன்ற சில வகையினருக்கே கிடைக்கும். வழியில் நழுவி உள்ளூர்ச் சந்தைக்கு வந்த வண்டியை உங்கள் பெயரில் பதிவு செய்ய முடியாது, சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம். விற்பனையகத்தில் வாங்கியவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழுதுக்கு ஆறு மாதப் பொறுப்பைத் தருகிறது. பெட்ரோல் நிலையத்து ஓரத்தில் ரொக்கம் கொடுத்து வாங்கியவரிடம் இருப்பது ஒரு தொலைபேசி எண்தான், மறுநாள் அதுவும் எடுக்காது.