கர்ப்பிணியிடம் ஃப்ளூ ஊசி பற்றி எப்படிப் பேசுவது?

செக்கப்புக்கு வந்திருக்கும் கர்ப்பிணியிடம் "ஃப்ளூ ஊசி போட்டுக்கிறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் "வேண்டாம் சிஸ்டர், அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, போட்டாலும் சரி போடாவிட்டாலும் சரி என்பது போலத்தானே நாம் கேட்டோம்? இரும்பு மாத்திரையை இப்படித் தயங்கித் தயங்கியா கொடுக்கிறோம்? அதனால் நான் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். "இன்னைக்கு உங்களுக்கு ஃப்ளூ ஊசி போடணும்மா. அதைப் பத்தி ஏதாவது கேக்கணுமா?" அவ்வளவுதான். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், இதுதான் கஷ்டம். நாம் பேசாமல் இருக்கும் அந்தச் சில நொடிகளில்தான் அவர்கள் மனதில் இருக்கும் பயம் வெளியே வரும்.

பேச ஆரம்பித்தால் குழந்தையிலிருந்து ஆரம்பியுங்கள். பிறந்து ஆறு மாதம் ஆகும்வரை குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. ஆனால் ஃப்ளூ வந்தால் ரொம்பவே சிரமப்படுவது அந்தச் சின்னஞ்சிறு குழந்தைகள்தான். அந்த இடைவெளியை அடைக்க ஒரு வழி இருக்கிறது. அம்மா ஊசி போட்டுக்கொண்டால் அவர் உடம்பில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேரும், பிறந்த பிறகும் சில மாதங்கள் கூடவே இருக்கும். பங்களாதேஷில் 340 தாய்மார்களை வைத்து நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. கர்ப்ப காலத்தில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டவர்களின் குழந்தைகளுக்கு, பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்திருந்தது. நான் இதைச் சதவீதமாகச் சொல்வதில்லை. "நூறு குழந்தைக்கு வர்ற இடத்துல முப்பத்தேழு குழந்தைக்குத்தான் வந்துச்சு" என்று சொன்னால் உடனே புரிகிறது.

அப்புறம் அம்மாவைப் பற்றி. வயிறு பெரிதாகப் பெரிதாக நுரையீரல் விரிய இடம் குறைகிறது, இதயமும் வழக்கத்தைவிட அதிகமாக உழைக்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தையை ஏற்றுக்கொள்வதற்காக உடம்பின் எதிர்ப்பு வேலையும் கொஞ்சம் மாறுகிறது. மற்றவர்களுக்கு மூன்று நாள் படுக்கையோடு போகும் காய்ச்சல் கர்ப்பிணிக்கு நிமோனியாவில் கொண்டுபோய் விடுவது இதனால்தான். 1918 ஃப்ளூ பெருந்தொற்றிலும் 2009-ல் பன்றிக் காய்ச்சல் பரவியபோதும் கர்ப்பிணிகள் மற்றவர்களைவிட மோசமாகப் பாதிக்கப்பட்டார்கள். 2012-ல் உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ ஊசிக்கு முதல் முன்னுரிமை கர்ப்பிணிகளுக்கு என்று சொன்னதும் சும்மா இல்லை.

இனி பயங்கள். இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது.

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர், கூடவே மாமியார். ஃபைலை மடியில் வைத்து ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார்தான், "ஊசி போட்டா காய்ச்சல் வருமே, புள்ளைக்கு ஆகாதேம்மா" என்றார். நான் மருமகளைப் பார்க்காமல் மாமியார் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். "நல்ல கேள்வி கேட்டீங்கம்மா. இந்த ஊசில இருக்கறது செத்துப்போன கிருமியோட துண்டு. அதனால ஃப்ளூ வரவே வராது. கை வலிக்கும், சிலருக்கு ஒரு நாள் ரெண்டு நாள் உடம்பு கசகசன்னு இருக்கும், லேசா காய்ச்சல் அடிக்கும். பாராசிட்டமால் போதும். ஆனா நிஜமான ஃப்ளூ வந்தா அடிக்கிற காய்ச்சல் இருக்கே, அதுதான் புள்ளைக்கு ஆகாது." அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு மருமகளின் ஸ்வெட்டர் கையை அவரே மேலே ஏற்றிவிட்டார். வீட்டில் யார் பேச்சு எடுபடுமோ அவரிடம் பேசுங்கள், அது கணவராகவும் இருக்கலாம். ஆனால் முடிவு அந்தப் பெண்ணுடையது, கடைசியில் அவர் முகத்தைப் பார்த்து "சரியாம்மா?" என்று கேட்காமல் ஊசியைத் தொடாதீர்கள்.

மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்தும் ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது உயிருள்ள, வலுவிழக்கச் செய்த கிருமி என்பதால் கர்ப்பிணிக்குக் கொடுப்பதில்லை. யாராவது "மாசமா இருக்கறப்ப கூடாதுன்னு படிச்சேனே" என்றால் பெரும்பாலும் இதைத்தான் படித்திருப்பார்கள்.

எந்த மாதம்? எந்த மாதமும் போடலாம், முதல் மூன்று மாதத்திலும் போடலாம். "போன வருஷம்தான் போட்டேன்" என்பவரிடம், கிருமி மாறிக்கொண்டே இருக்கிறது, அதற்கேற்ப ஊசியில் என்ன இருக்க வேண்டும் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், நிபுணர்கள் கூடிப் பார்க்கிறார்கள் என்று சொல்லுங்கள். போன தடவை கிடைத்த பாதுகாப்பும் மாதம் போகப் போகக் குறைந்துவிடும். முந்தைய பிரசவத்தின்போது போட்டது இந்தக் குழந்தைக்குக் கணக்கில் வராது.

"போட்டும் எனக்கு ஃப்ளூ வந்துச்சே" என்று ஒருவர் சொன்னால் மழுப்பாதீர்கள். வரலாம். இது நூற்றுக்கு நூறு தடுக்கும் ஊசி இல்லை. 2010 முதல் 2016 வரை பல நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்ததில், கர்ப்பிணிகள் ஃப்ளூவால் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை சராசரியாக 40 சதவீதம் குறைந்தது. நாற்பது கம்மியாகத் தோன்றலாம், ஆனால் மூச்சுத்திணறலோடு படுக்கையில் கிடக்கும் கர்ப்பிணியைப் பார்த்தவர்களுக்கு அது கம்மியில்லை. உண்மையான அளவைச் சொன்னால்தான் நாம் சொல்லும் மற்றதையும் நம்புவார்கள்.

ஊசி போடுவதற்கு முன் கட்டாயம் கேட்க வேண்டியவை சில உண்டு. முன்பு ஃப்ளூ ஊசி போட்டு மூச்சு முட்டும் அளவுக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததா? கை கால் செயலிழக்கும் கியான் பாரே நோய் எப்போதாவது வந்ததா? ஆம் என்றால் டாக்டரிடம் அனுப்புங்கள், நாமே முடிவெடுக்க வேண்டாம். இப்போது கடும் காய்ச்சல் இருந்தால் தணிந்த பிறகு போடலாம். சாதாரணச் சளி, மூக்கொழுகல் எல்லாம் தடையில்லை.

"அடுத்த செக்கப்ல போட்டுக்கலாம்" என்று அனுப்பிவிடாதீர்கள். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாகவே இரண்டு வாரம் ஆகும். சம்மதம் கிடைத்த அன்றே, முடிந்தால் அதே அறையிலேயே போட்டுவிடுங்கள். இன்னொரு கட்டடம், இன்னொரு வரிசை என்றால் கால் வலியோடு வந்திருப்பவர் வீட்டுக்குத்தான் போவார். இன்னொன்று, டாக்டர் ஒன்று சொல்லி நர்ஸ் ஒன்று சொன்னால் எல்லாம் வீண். அங்கே வேலை பார்க்கும் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்ல முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சொல்லியும் "வேண்டாம்" என்றால்? திட்டாதீர்கள், பயமுறுத்தாதீர்கள். ஃபைலில் குறித்து வையுங்கள், அடுத்த முறை மறுபடி ஒரே ஒரு தடவை கேளுங்கள். மூன்றாவது முறை வந்தபோது தானாகவே கையை நீட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றை மட்டும் எல்லாரிடமும் சொல்லி அனுப்புங்கள்: திடீரென்று காய்ச்சல், உடம்பு வலி, இருமல் வந்தால் கஷாயத்தோடு காத்திருக்காமல் அன்றே வந்துவிட வேண்டும், ஃப்ளூவுக்கான மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். மூச்சு வாங்கினாலோ குழந்தை அசைவு குறைந்தாலோ, நள்ளிரவாக இருந்தாலும் கிளம்பி வரச் சொல்லுங்கள்.