சாலட் பாக்கெட்டில் தெரியாத இலை வந்தால்

போன மாதம் அடையாறில் வாங்கிய சாலட் பாக்கெட்டில், லெட்டூஸுக்கு நடுவே சொரசொரப்பான ஒரு இலை கிடந்தது. என் மகள் அதை வாயில் வைக்கப் போனாள், பிடுங்கிவிட்டேன்.

முதல் விதி அதுதான்: ருசி பார்த்துக் கண்டுபிடிக்காதீர்கள். ஊமத்தை இலை கீரையோடு கலந்து வந்தால் வாய் வறளும், கண்பாவை விரியும், புத்தி தடுமாறும். அரளி இதயத்தையே தாக்கும். யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்து இப்படி ஏதாவது தெரிந்தால் உடனே 108. வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மிச்ச இலையையும் கையோடு கொண்டு போங்கள்.

யாரும் சாப்பிடவில்லையா? சரி, இலையை ஒரு ரூபாய் நாணயத்தின் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள். நரம்பு, ஓரம், காம்பு தெளிவாகத் தெரியட்டும். அப்புறம் ஈரமான டிஷ்யூவில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தேதியும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் (FSSAI) தரும் 14 இலக்க உரிம எண்ணும் அதில்தான் இருக்கும். புகாருக்கு அந்த ஆணையத்தின் எண் 1800112100.

நான் மயிலாப்பூரில் வழக்கமாகக் கீரை வாங்கும் அம்மாவிடம் காட்டினேன். திருப்பிப் பார்த்து, கசக்கி முகர்ந்து, "முள்ளங்கி இலைம்மா" என்றார். ஆனாலும் அந்த சாலட்டை நாங்கள் சாப்பிடவில்லை.