பானையில் பூவும் சினிமா முகமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் களிமண் பழக வருகிறவர்கள் பலருக்கு இப்போது பழுப்பு ஜாடி மட்டும் போதவில்லை. கனகாம்பரச் சரம், கட்-அவுட் எம்.ஜி.ஆர்., ஆட்டோ முதுகில் ஒட்டிய ரஜினி என்று தெருவையே பானைமேல் ஏற்றுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். அதனாலேயே, பழகிய காலத்தில் நான் செய்த பிழைகளை அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. விளிம்பு கோணுவது, கைப்பிடி விடுவது எல்லாம் கை பழகினால் சரியாகிவிடும். அவற்றைச் சொல்லப்போவதில்லை.

பேனர் நிறத்தை ரிடக்‌ஷன் சூளைக்கு அனுப்புவது

1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற குயவர்கள் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊரில் வேர்விட்டது ஸ்டோன்வேர், அதாவது உயர்சூட்டில் கல்போல இறுகச் சுடும் மண்பாண்டம். 1,250, 1,300 டிகிரி என்று போகும் சூடு. கேஸ் அல்லது விறகுச் சூளையில் காற்றைக் குறைத்து எரித்தால் அதுதான் ரிடக்‌ஷன். கோபால்ட் நீலம் அதைத் தாங்கும். இரும்பு ஆக்சைடு பழுப்போ கறுப்போ தரும். ஆனால் பேனர் ஓவியர்கள் கன்னத்தில் வைப்பார்களே, அந்த ரோஜா நிறம்? குரோமும் டின்னும் (வெள்ளீயம்) சேர்ந்து தரும் பிங்க், ரிடக்‌ஷனில் செத்துவிடும். கிளேஸில், அதாவது பானைமேல் பூசும் கண்ணாடிப் பூச்சில், சிங்க் (துத்தநாகம்) இருந்தால் பழுப்பாகும். கனகாம்பர ஆரஞ்சுக்கான காட்மியம் சாயத்தையும் அங்கே நம்ப முடியாது.

பெரிய ஜாடி முழுக்க எம்.ஜி.ஆர். முகமும் பூமாலையும் வரைந்திருந்தாள் ஒரு பெண். சூளையைத் திறந்தால் கன்னம் சாம்பல், மாலை அழுக்குப் பழுப்பு. “அக்கா, டப்பால 1,280 தாங்கும்னு போட்டிருந்துச்சே!” என்று அழுதாள். சாய டப்பா சொல்வது சூட்டை மட்டும்தான். சூளைக்குள் காற்று எவ்வளவு என்று அது சொல்லாது. இதை யாரும் முன்னாலேயே சொல்லித் தராததுதான் எனக்கு இன்றும் ஆத்திரம். மண், கேஸ், அத்தனை நாள் உழைப்பு, எதுவும் திரும்பி வராது.

வழி இருக்கிறது. ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டிலேயே காக்கியேமோன் குயவர்கள் வெள்ளைப் போர்சலினை (பீங்கானை) முதலில் உயர்சூட்டில் சுட்டு, சிவப்புப் பூக்களைப் பிறகு கிளேஸின் மேல் தீட்டித் தனியாகக் குறைந்த சூட்டில் சுட்டார்கள். நீங்களும் நீலம், கறுப்புக் கோடுகளை முதலில் முடித்துவிடுங்கள். பிங்க், ஆரஞ்சுக்கு சுட்ட கிளேஸின் மேல் தீட்டும் ஓவர்கிளேஸ் எனாமல் எடுத்து, காற்றோட்டமுள்ள மின்சூளையில் 750 முதல் 850 டிகிரிக்குள் சுடுங்கள். அதற்கு முன் அதே மண், அதே கிளேஸ், அதே சூளையில் ஒரு சோதனை ஓட்டைச் சுட்டுப் பாருங்கள்.

டீக்கலை அவசரமாக ஒட்டுவது

டீக்கல் என்பது தண்ணீரில் நனைத்து ஒட்டிச் சுடும் அச்சுப்படம். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கினாலும் கொப்புளம். ரப்பரால் நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். மேலே உள்ள பிலிம் எரிந்து தீரும்வரை சூளை மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, சூட்டை மெதுவாக ஏற்றுங்கள்.

வளைந்த வயிற்றில் முகம்

பூவை இதழிடையே வெட்டி வளைவுக்கு ஏற்ப ஒட்டலாம், யாருக்கும் தெரியாது. முகத்தை வெட்ட முடியாது. வாய் கோணினால் ஆளே மாறிவிடுவார். முகத்துக்கு நேரான சுவருள்ள உருளையோ தட்டோ செய்யுங்கள்.

யாரோ வரைந்த ரோஜா

அதைப் பார்த்துக் காப்பியடிக்காமல், பெரிய மார்க்கெட்டில் பூக்காரம்மா பக்கத்தில் அரைமணி உட்கார்ந்து வரையுங்கள்.

சாப்பிடும் தட்டின் நடுவில் ஓவர்கிளேஸ்

வேண்டாம். சில நிறங்களில் ஈயமும் காட்மியமும் இருக்கும், புளிக்குழம்பு அதை அரித்து எடுக்கும். படம் தட்டின் பின்புறமோ, சுவரில் மாட்டும் தட்டிலோ இருக்கட்டும்.