வெள்ளவத்தைப் பியானோவும் ஒட்டிக்கொண்ட கட்டைகளும்

பெரியம்மா விட்டுப்போன பழைய பியானோ, நிமிர்ந்து நிற்கும் வகை. வீடோ வெள்ளவத்தையில், கடலுக்குக் கிட்ட. சத்தமாக வாசித்தால் குறை தெரியாது. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தியின் முதல் ஜிம்னோபெடி (1888) போல மெதுவானதை வாசித்தால்தான் மானம் போகும்: அழுத்திய கட்டை மேலே வராது, சில சுரம் ஒலிக்கவே ஒலிக்காது.

ஒலிக்காததற்குக் காரணம் என் இடது கால். இந்த வகையில் இடது பெடல் சுத்தியல்களைத் தந்திக்குக் கிட்டக் கொண்டுபோகும், அவ்வளவுதான். தேய்ந்த பொறிக்கு அந்தக் குறுகிய ஓட்டம் போதவில்லை. பெடலை விட்டுவிட்டு விரலாலேயே மெதுவாக்கினேன்.

ஒட்டுவதற்குக் காரணம் கொழும்பின் ஈரக்காற்று. கட்டையின் துளைக்குள் ஒட்டியிருக்கும் கம்பளித் துணி ஊதி, உலோக முளையை இறுக்கிப் பிடிக்கிறது. சுருதி சேர்க்க வந்த அண்ணை, “உரஞ்சாதேங்கோ, நசியுங்கோ” என்றார். சரி என்று கட்டைகளைக் கழற்றி, தட்டைவாய்க் குறட்டால் துணியை மெல்ல நசித்தேன். ஒன்பது கட்டைக்கு ஒரு ஞாயிறு முழுதும் போனது. எண்ணெய் மட்டும் விடாதீர்கள். நான் முன்பு விட்டு, அழாத குறை.

அப்புறம் சுருதி. பழைய தந்தி அறும் என்று வழக்கமான சுருதியான 440 ஹெர்ட்ஸுக்கு இழுக்காமல், முழுதையும் அரைச் சுரம் கீழே வைத்தார். நடுவில் ஒரு கட்டை இன்னும் கொஞ்சம் கரகரக்கிறது. இருக்கட்டும்.