கேமரா எடுக்கப்போறீங்களா? பாடியை விடுங்க, மொதல்ல லென்ஸை எடை போடுங்க

புதுசா கேமரா வாங்குறவங்க பாடி (லென்ஸ் மாட்டாத வெறும் கேமரா) எவ்ளோ சின்னதா இருக்குன்னுதான் பாக்குறாங்க, ஆனா தோள்ல தொங்கப்போறது பாடியும் லென்ஸும் சேர்ந்து, அதனால கணக்கை லென்ஸ்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

படி 1: என்ன எடுக்கப்போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. பகல்ல மலை, கட்டடம்னா எப்படியும் லென்ஸ் திறப்பைச் சுருக்கி எஃப் 8 பக்கம்தான் வைப்பீங்க, வேகமான லென்ஸுக்கு (எஃப் நம்பர் சின்னதா, திறப்பு பெருசா, நெறைய வெளிச்சம் விடுற லென்ஸ்) வேலையே இல்ல. வெளிச்சம் கம்மியான இடத்துல ஓடியாடுற ஆளுங்கன்னா கண்டிப்பா வேணும். படம் ஆடாம பாத்துக்குற ஸ்டெபிலைசேஷன் இருக்கேன்னு நினைக்காதீங்க, அது நம்ம கை நடுக்கத்தைத்தான் சரி பண்ணும், எதிர்ல ஓடுற குழந்தையை நிறுத்தாது.

படி 2: எஃப் நம்பரைப் புரிஞ்சுக்கோங்க. ஃபோக்கல் லெங்த்தை (லென்ஸ்ல எம்எம்னு போட்டிருக்குற அளவு) அந்த நம்பரால வகுத்தா லென்ஸ் திறப்போட விட்டம் வரும். 50 எம்எம் எஃப் 2ன்னா 25 எம்எம், அதுவே 200 எம்எம் எஃப் 2.8ன்னா 71 எம்எம், அவ்ளோ பெரிய கண்ணாடி இருந்தா வெயிட் ஏறத்தானே செய்யும். கேனான் ஆர்எஃப் 50 எம்எம் எஃப் 1.8 வெறும் 160 கிராம், அதே 50ல எஃப் 1.2 எடுத்தா 950 கிராம்! கூடக் கிடைக்கிற வெளிச்சம் ஒரு ஸ்டாப்புக்கு (அதாவது ரெண்டு மடங்குக்கு) கொஞ்சம் மேல, அவ்ளோதான்.

படி 3: படம் பதியுற சென்சாரையும் சேர்த்துப் பாருங்க, இங்கதான் நெறைய பேர் ஏமாந்துடுறாங்க. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ங்கிற சின்ன சென்சார்ல 25 எம்எம் எஃப் 1.4 போட்டா, ஃபுல் ஃபிரேம்ங்கிற பெரிய சென்சார்ல (ரெண்டு நம்பரையும் ரெண்டால பெருக்கி) 50 எம்எம் எஃப் 2.8 போட்ட மாதிரிதான் காட்சியும் பின்னாடி மங்கலும் கிடைக்கும். எக்ஸ்போஷர் (படத்தோட வெளிச்ச அளவு) என்னவோ எஃப் 1.4 கணக்குதான், ஆனா சென்சார் பரப்பு நாலுல ஒரு பங்கு, அதனால இருட்டுல படம் பளிச்சுன்னு வர ஐஎஸ்ஓ ஏத்துனா நாய்ஸ் (புள்ளி புள்ளியா வர்றது) சீக்கிரம் தெரியும். இது ரெண்டுக்கும் நடுவுல இருக்குற ஏபிஎஸ்-சி சென்சார்னா ரெண்டுக்குப் பதிலா ஒன்றரையால பெருக்குங்க, கேனான்னா 1.6. என்னைக் கேட்டா, பின்னாடி மங்கலா வேணும்னு சின்ன சிஸ்டத்துக்கு விலையுயர்ந்த வேகமான லென்ஸ் தேடுறதைவிட ஃபுல் ஃபிரேம்ல ஒரு எஃப் 1.8 பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) போடுறது நல்லது, தூரத்துப் பறவைக்குன்னா சின்ன லென்ஸே போதும்கிறதால சின்ன சென்சார்தான் தோளைக் காப்பாத்தும்.

படி 4: பாடி, நெஜமாவே எடுத்துட்டுப் போகப்போற லென்ஸ், பேட்டரி எல்லாத்தோட எடையையும் கூட்டுங்க. வாங்குறதுக்கு முன்னாடி அதே எடைக்குத் தண்ணி பாட்டிலைப் பையில போட்டு (ஒரு லிட்டர் ஒரு கிலோ) ரெண்டு மணி நேரம் நடந்து பாருங்க, தோள் வலிச்சா மொதல்ல லிஸ்ட்ல கனமான எஃப் 2.8 ஜூம் ஏதாவது இருந்தா அதை எடுத்துட்டு திரும்ப கூட்டிப் பாருங்க.