பழைய படங்களின் பின்னணியில் ஊரைத் தேடும் முறை

பழைய தமிழ்ப் படமொன்றில் கதாநாயகன் காரோட்டிச் செல்லும்போது அவனை விட்டுவிட்டு, அவன் தலைக்குப் பின்னால் ஓடும் தெருவைப் பார்க்கப் பழகிக்கொண்டால், இடிந்தும் எரிந்தும் போன ஒரு நகரத்தின் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசிக்கலாம். சென்னையில் டிராம் வண்டி 1953இல் நின்றது. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. மட்டக்களப்பில் இருப்பவருக்கு அவை அயலூர்க் காட்சிகள்தாம். ஆயினும் அவற்றில் கைபழகிய முறையை நம்முடைய கல்யாண வீடியோக்களிலும் திருவிழா வீடியோக்களிலும் அப்படியே பயன்படுத்தலாம். மட்டக்களப்பின் புளியந்தீவும் கல்லடியும் திரைப்படங்களில் அரிதாகவே வந்தவை என்பதால் நமக்கு அந்தக் கசெற்றுகளே பெரிய ஆவணம்.

முதலில் தெரு உண்மையானதா என்று பார்க்க வேண்டும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த படங்களின் தெருக்களிற் பெரும்பாலானவை படப்பிடிப்புத் தளத்தில் மரப்பலகையாலும் சாந்தாலும் கட்டப்பட்டவை. அங்கே பலகைகள் அழுக்கில்லாமல், எழுத்து முழுவதும் கமராவைப் பார்த்தபடி இருக்கும். உண்மைத் தெருவில் பலகையின் பாதியை மின்கம்பமோ மரக்கிளையோ மறைக்கும். வழிப்போக்கர் ஒருவர் நின்று கமராவையே வெறித்துப் பார்ப்பார். கார்க் காட்சிகள் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவை. நடிகர்கள் தளத்தில் நிற்கும் காருக்குள் அமர்ந்திருக்க, முன்பே எடுத்த உண்மைத் தெருவின் படம் அவர்களுக்குப் பின்னாலுள்ள திரையில் ஓடும். அது சற்று மங்கலாக இருந்தாலும் தேடுபவருக்கு அதைவிட வளமான இடம் வேறில்லை. அந்தச் சுருள் அதே படத்துக்காக எடுக்கப்பட்டது என்பதற்கு உறுதி கிடையாது; ஆகையால் படம் வெளியான ஆண்டை, ‘இதற்குப் பிந்தியதன்று’ என்னும் அளவில் மட்டும் கொள்ளுங்கள்.

ஒரே படத்துக்குப் பல பிரதிகள் கிடைக்குமாயின், அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டப்பட்டதைத் தவிர்த்து, சதுரத்துக்கு அண்மையான பழைய சட்டகத்தைத் தேர்ந்தெடுங்கள். பலகைகள் கட்டடத்தின் நெற்றியில் இருப்பதால் வெட்டில் முதலில் போவது அவைதான். யூடியூபில் படத்தை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு சட்டகம் முன்னேறும், காற்புள்ளி விசை பின்னே கொண்டுவரும். வி.எல்.சி. இயக்கியில் ஆங்கில ‘ஈ’ விசை முன்னேற்றும். செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில், ஒன்றில் தெரியாத எழுத்து அடுத்ததில் தெரிவது வழக்கம். ஆகவே பல சட்டகங்களைச் சேமித்து ஒன்றோடொன்று ஒப்பிட்டே ஒரு பெயரை வாசித்து முடிக்க வேண்டும். எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தால் சுருள் புரட்டப்பட்டிருக்கிறது என்று அறிந்து, படத்தைத் திருப்பிய பின்னரே திசையைக் கணிக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கித் தரும் செயலிகளை வாசிப்பதற்கு ஒருபோதும் நம்ப வேண்டாம். அவை மங்கிய கோடுகளிலிருந்து இல்லாத எழுத்தைத் தாமே வரைந்துவிடும்.

காலத்தைக் கணிப்பதில் ஒரு விதி எல்லாவற்றுக்கும் மேலானது. பழைய பொருள் எத்தனை காலமும் நீடித்திருக்கலாம். புதிய பொருள் தான் பிறப்பதற்கு முன் தோன்ற முடியாது. கட்டி முடிந்த சென்னை எல்.ஐ.சி. கட்டடம் தெரிந்தால் காட்சி 1959க்கு முந்தியதன்று என்று துணிந்து சொல்லலாம். பழைய கொம்பு வைத்த ‘லை’, ‘னை’ எழுத்துகள் கடைப் பலகையில் இருப்பதைக் கொண்டு, தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற 1978க்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது. எனாமல் தகட்டை எழுத்துக்காகக் கழற்றிய முதலாளி எவருமில்லை. புதிய வடிவமும் முழு உறுதி தராது, ஏனெனில் பெரியார் அதை 1935இலேயே தம் இதழில் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். படச் சுவரொட்டி நல்ல சாட்சி: மழையும் அடுத்த சுவரொட்டியும் அதைச் சில கிழமைகளில் மறைத்துவிடும். எனினும் இந்தியப் படங்கள் நம் ஊர்ப் படமாளிகைகளுக்குத் தாமதித்தே வந்ததால், இங்கே எடுத்த காட்சியில் அது கீழெல்லையை மட்டுமே தரும்.

இலங்கைக் காட்சிகளுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. 1958இல் பெரும் எதிர்ப்பைக் கிளப்பிய சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வாகனத் தகட்டில் இருந்தாலும், இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் ஒன்று ஓடினாலும், அந்த ஆண்டுக்கு முற்பட்ட காட்சியன்று. கூரைகளில் தொலைக்காட்சி அன்ரனா தெரிந்தால் 1979க்குப் பிந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மட்டக்களப்பில் வாவியின் மேல் பழைய இரும்புப் பாலம் தனியே நின்றால், பக்கத்துப் புதிய கல்லடிப் பாலம் திறக்கப்பட்ட 2013க்கு முன். கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் சாய்ந்து நின்றால் 2004 ஆழிப்பேரலைக்குப் பின்.

கமரா எத்திசை நோக்கியது என்பதை நிழல் சொல்லும். நம் பகுதியில் ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் செப்ரெம்பர் தொடக்கம் வரை நண்பகற் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் எடுத்த வீடியோவில் மாதம் முன்பே தெரியுமாதலால், நண்பகற் காட்சியின் நிழலிலிருந்து தெருவின் எந்தப் பக்கத்துக் கடை என்று பிரித்துவிடலாம்.

வீட்டுக் கசெற்றை டெக்கில் போடுமுன் அதன் கண்ணாடிச் சாளரத்தால் பாருங்கள். நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சணம் இருந்தால் ஓட்டக் கூடாது, துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். வாவிக் காற்றில் இது சாதாரணம். கணினிக்கு மாற்றிய பின் அசையும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போன்ற கோடுகள் வந்தால், இயக்கியில் ‘டீஇன்ரர்லேஸ்’ வசதியைப் போட்டே சட்டகத்தைச் சேமியுங்கள். பிறகு அதைப் பெரிதாக அச்சிட்டு, அந்தத் தெருவில் கடை வைத்திருந்த பெரியவர்களிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். “ஐயா, இது இன்ன கடைதானே?” என்று கேட்டால் ஆமென்றே விடை வரும்; “இது எவ்விடம் ஐயா?” என்று மட்டும் கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே, நாளும் கசெற்றின் நிமிடமும் சேர்த்துப் படத்தின் பின்புறத்தில் எழுதிவையுங்கள்.