பழைய பீட்டில் காரின் பிரேக் விளக்கு சுவிட்சைச் சோதித்து மாற்றுவது எப்படி?

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் பிரேக் விளக்கு எரியவில்லை என்றதும் பலரும் உடனே புது சுவிட்சு வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அதன் பிறகும் விளக்கு எரியாதபோதுதான் பழுது வேறெங்கோ இருப்பது தெரியவரும். அதற்குள் பிரேக் திரவக் குழாயைத் தேவையில்லாமல் திறந்தாகிவிட்டிருக்கும். அதனால் இந்தச் செய்முறையில் சோதனைக்கே அதிக இடம் தருகிறேன். மாற்றும் வேலை அதைவிட எளிது.

இன்றைய கார்களில் இந்த சுவிட்சு பிரேக் மிதியின் அருகில் இருக்கும். மிதி அசைந்ததுமே விளக்கு எரியும். பீட்டிலிலோ அது, மிதியின் விசையைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரில் நேரடியாகத் திருகப்பட்டிருக்கும். மிதியை அழுத்தும்போது எழும் திரவ அழுத்தம் சுவிட்சின் உள்ளே உள்ள சவ்வைத் தள்ள, அதனால் தொடுமுனைகள் ஒன்றுசேர்ந்து பின்விளக்குகளுக்கு மின்சாரம் செல்லும். நாள்பட்ட சுவிட்சில் தொடுமுனைகள் கருகிவிடுவதால், மிதியை ஓங்கி அழுத்தினால் மட்டுமே விளக்கு எரியும் நிலை வரும். மெதுவாக வேகத்தைக் குறைக்கும்போது பின்னால் வரும் மோட்டார்சைக்கிளோட்டிக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது என்பதால், முற்றிலும் எரியாத விளக்கைப் போலவே இதையும் பழுதாகவே கருத வேண்டும்.

இங்கே விளக்குவது 12 வோல்ட் மின்னமைப்பும், இரண்டு முனைகள் கொண்ட ஒரே சுவிட்சும் உள்ள காருக்குரியது. இரட்டைச் சுற்று பிரேக் (முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனித் திரவப் பாதை) உள்ள பிந்தைய மாடல்களில் இரண்டு சுவிட்சுகள் இருக்கும். அவற்றில் சிலவற்றுக்கு எச்சரிக்கை விளக்குக்கென மூன்றாவது முனையும் உண்டு. அத்தகைய காரில் கம்பிகளைக் கழற்றும் முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது.

படி 1: விளக்கிலிருந்து தொடங்குங்கள்

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் சுவிட்சைச் சந்தேகிக்கவே வேண்டாம்; அந்தப் பக்கத்து பல்பையோ, அதன் எர்த் இணைப்பையோதான் பார்க்க வேண்டும். பல்பில் 21 வாட், 5 வாட் என இரண்டு இழைகள் இருப்பதால், இரவு விளக்கு எரிகிறது என்பதை வைத்து பிரேக் இழையும் நன்றாக இருப்பதாக முடிவுசெய்ய முடியாது. இரு பக்கமும் எரியவில்லை என்றால் ஃபியூசுக்குச் செல்லுங்கள்.

படி 2: ஃபியூஸ்

சிங்கப்பூரில் இதுதான் முதல் குற்றவாளி என்பது என் கருத்து. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிவான, 35 ஆண்டுகளைத் தாண்டிய கார்களை ஆண்டில் குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். மற்ற நாள்களில் நம் ஊர் ஈரக்காற்றில் கார் சும்மா நிற்க, ஃபியூசின் முனைகளிலும் அதைப் பிடித்திருக்கும் தகடுகளிலும் பசுமையாகவோ வெண்மையாகவோ களிம்பு ஏறிவிடுகிறது. பீட்டிலின் ஃபியூஸ், பீங்கான் உடலின் மேல் உலோகப் பட்டை ஓடும் பழைய வகை; வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16 ஆம்பியர். பட்டை அறுபடாமல் இருந்தாலும் முனையில் களிம்பு இருந்தால் மின்சாரம் போகாது. சாவியை அணைத்துவிட்டு ஃபியூசை எடுத்து, மெல்லிய உப்புத்தாளால் முனைகளையும் தகடுகளையும் தேய்த்து மீண்டும் பொருத்துங்கள். பல சமயங்களில் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

படி 3: சுவிட்சைச் சோதித்தல்

மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் பக்கத்து முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும். நம் கார்களில் அது வலப்பக்கம். சமதளத்தில் காரை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கித் தாங்கியின் மேல் நிறுத்திய பிறகே சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் தலையையோ கையையோ நுழைக்கக் கூடாது.

சுவிட்சிலிருந்து இரண்டு கம்பிகளையும் உருவி, சாவியைத் திருப்பி, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைக் காரின் வெற்று உலோகத்திலும் மறுமுனையை ஒவ்வொரு கம்பியிலும் வையுங்கள். ஒரு கம்பியில் 12 வோல்ட் அளவுக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பழுது ஃபியூசுக்கும் சுவிட்சுக்கும் இடையில் உள்ளது. காட்டினால், அந்த இரு கம்பிகளையும் சிறு கம்பித் துண்டால் இணைத்துப் பாருங்கள். இப்போது பிரேக் விளக்குகள் எரிந்தால் சுவிட்சுதான் பழுது. எரியாவிட்டால் சுவிட்சிலிருந்து பின்விளக்குக்குச் செல்லும் கம்பியைத் தேட வேண்டும்.

விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கம்பியை உருவும்போது அது அணைகிறதா என்று பாருங்கள். அணைந்தால், சுவிட்சைக் குறைசொல்லும் முன் மிதியின் தளர்வைக் கவனியுங்கள். மிதித் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் அழுத்தம் முழுவதும் இறங்காமல் நின்றுவிடும், பிரேக்கும் சூடேறும்.

படி 4: மாற்றுதல்

திரவம் சொட்டும் வேலை என்பதால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் இதைச் செய்யாதீர்கள். இடம் தரும் பணிமனை ஒன்றைப் பாருங்கள். பிரேக் திரவம் வண்ணப்பூச்சை அரித்துவிடும். பட்ட இடத்தை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

முதலில் பின் இருக்கைக்கு அடியில் உள்ள பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். இருக்கையின் கம்பிச் சுருள்கள் பேட்டரி முனைகளில் பட்டுத் தீப்பிடிக்கும் அபாயம் பீட்டிலில் உண்டு என்பதால், முனைகளின் மேல் மூடி இருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சைச் சுற்றியுள்ள அழுக்கைத் தூரிகையால் நீக்கி, புதிய சுவிட்சின் மரையைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரவத் தொட்டியின் மூடிக்கடியில் சமையலறை பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்து மூடினால் ஒழுகல் குறையும். பிறகு பழையதைக் கழற்றிய கையோடு புதியதைத் திருகி, விளிம்பில் ஒரு துளி திரவம் கசிந்ததும் இறுக்குங்கள். கூம்பு வடிவ மரை இறுகும்போதே அடைத்துக்கொள்ளும் என்பதால் டெஃப்லான் நாடா சுற்ற வேண்டாம். பலம் கொண்ட மட்டும் முறுக்கவும் வேண்டாம்.

முடிந்ததும் பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டு, தொட்டியில் அளவு குறைந்திருந்தால் மூடி திறக்காத புதிய டாட் 4 திரவத்தை ஊற்றுங்கள். சிலிக்கோனால் ஆன டாட் 5ஐ இதனுடன் கலக்கக் கூடாது. மிதி பஞ்சுபோல் அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது. பழைய கையேடுகள் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டீயரிங் காருக்கு எழுதப்பட்டவை. அவற்றின் வரிசை நமக்குப் பொருந்தாது. நம் காரில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்கி, பின் இடம், பின் வலம், முன் இடம், முன் வலம் என்ற வரிசையில் காற்றை வெளியேற்றுங்கள்.

படி 5: ரிலே

ரிலே என்பது சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சு. கட்டாயமில்லை, ஆனாலும் நான் பரிந்துரைப்பேன். இரண்டு 21 வாட் பல்புகள் 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர் இழுக்கும். அத்தனையும் சுவிட்சின் சிறிய தொடுமுனைகள் வழியாகவே போவதால்தான் அவை கருகுகின்றன. மின்னணுப் பொருள்கள் விற்கும் சிம் லிம் டவரில் சில வெள்ளிக்கு ஒரு ரிலேயும் இணைப்பு முனைகளும் வாங்கி, சுவிட்சின் வெளியீட்டை ரிலேயின் 86ஆம் முனைக்கும், 85ஐ எர்த்துக்கும், தனி 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக வரும் மின்சாரத்தை 30க்கும், பின்விளக்குக் கம்பியை 87க்கும் கொடுங்கள். அதன் பின் சுவிட்சு தாங்க வேண்டியது ரிலேயை இயக்கும் சிறு மின்னோட்டம் மட்டுமே.

பேட்டரியை இணைத்து, காரின் பின்பக்கம் சுவரைப் பார்த்திருக்கும்படி நிறுத்தி, மிதியை மெதுவாக அழுத்துங்கள். இலேசான அழுத்தத்திலேயே சுவரில் இரு பக்கமும் சிவப்பு ஒளி தெரிய வேண்டும். மறுநாள் காலை சுவிட்சின் அடிப்பகுதியை வெள்ளைத் தாளால் துடைத்துப் பார்க்கவும். ஈரம் இருந்தால் இன்னும் கால் சுற்று இறுக்கலாம்; அதற்குப் பிறகும் கசிந்தால் காரை ஓட்டாமல், இழுவை வண்டியில் ஏற்றிப் பணிமனைக்கு அனுப்புங்கள்.